பின்வரிசை நீலக் குப்பி

"எல்லார்கிட்டயும் அந்த நீல பாட்டிலைக் குறை சொல்லிட்டு, நீங்க மட்டும் அதையே அடிச்சிட்டு வந்திருக்கீங்களேக்கா."

செருப்புப் பிரிவிலிருந்து அன்று காலைதான் சென்ட் பிரிவுக்கு மாறி வந்திருந்த புதுப்பெண் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தப் பிரிவின் பழைய ஆளான அவள் சிரிக்கவில்லை. நீலக் குப்பியிலிருந்து ஒரு துளிகூட அவள் தன் மேல் விட்டுக்கொண்டதில்லை.

பெண்களுக்கான சென்ட் ஒவ்வொன்றைப் பற்றியும் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. வெள்ளைச் சதுரக் குப்பி, இப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டை. மிடுக்கு இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. தங்க மூடி போட்டது, ஆள் வருமுன்னே குரல் வந்துவிடும் ரகம். இளஞ்சிவப்பு ஒரு வாரத்தில் அலுத்துவிடும்.

நீலத்தைப் பற்றி மட்டும் பொய் சொல்வாள். தலைவலி தரும், வயதானவர்கள் போடுவது என்று வருகிறவர்களைத் திருப்பிவிடுவாள். அதைப் பின்வரிசைக்குத் தள்ளியதும் அவள்தான்.

உண்மையில் அது முதலில் எலுமிச்சைத் தோல் போலக் கசக்கும். பிறகு மல்லிகை. கொஞ்ச நேரம் போனால் காய்ச்சிய பாலும் சந்தனமுமாக, யார் மடியிலோ தலை வைத்துப் படுத்தது போல இருக்கும்.

அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அதே நீலக் குப்பி ஒன்று வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. கணவனின் முதல் மனைவி விட்டுவிட்டுப் போனது. செத்துப்போனவள் மேல் என்ன பொறாமை என்று தன்னையே கேட்டுப் பார்ப்பாள். வெட்கம் வரும், பொறாமை போகாது. மாமியார் வாய்க்கு வாய் உன் அக்கா புடவை, உன் அக்கா வைத்த செடி என்பார். இவள் வாயில் அந்த உறவு ஒருநாளும் வந்ததில்லை. 'அவங்க' என்பதோடு சரி.

கொஞ்ச நாளாக அந்தக் குப்பியில் அளவு இறங்கிக்கொண்டே வந்தது.

கணவன்தான் திருட்டுத்தனமாக எடுத்து முகர்கிறான் என்று முடிவு கட்டினாள். அவன் சட்டைகளை மோந்து பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. பகலெல்லாம் சென்ட் நடுவே நின்று மரத்துப்போன மூக்குக்கு, ராத்திரி பால் தீய்ந்தாலே தெரியாது. நேராகவே கேட்டாள். தொடவே இல்லை என்றான். அன்றிலிருந்து அவனோடு சரியாகப் பேச்சில்லை.

ஒரே ஆறுதல் அவன் மகள். ஆறு வயது. 'சித்தி' என்று இரண்டடி தள்ளியே நின்ற குழந்தை, இப்போதெல்லாம் படுக்கிற நேரத்தில் கதவுக்குப் பின்னால் தொங்கும் இவளது சாம்பல் நிற ஸ்வெட்டரைத் தானே எடுத்து வந்து, குளிரும் சித்தி, போட்டுக்கோ என்று நீட்டுகிறது. இவளுடைய இடது தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறது.

நேற்றிரவு அரைத்தூக்கத்தில் 'அம்மா' என்றது.

காலையில் புதுப்பெண்ணிடம் அதை இரண்டு முறை சொன்னாள். அவங்களை ஜெயித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நினைத்தாள்.

கடையில் ஏசி அதிகம் என்று இன்றைக்கு அந்த ஸ்வெட்டரைத்தான் முதன்முறையாகப் போட்டு வந்திருந்தாள்.

வாடிக்கையாளர்களுக்காக மேஜையில் வைத்திருக்கும் காப்பிக்கொட்டைக் கிண்ணத்தை எடுத்து, மூக்கு தெளியும்வரை ஆழமாக முகர்ந்தாள். பிறகு ஸ்வெட்டரின் வலது தோளை மோந்தாள். வெறும் கம்பளி.

இடது தோளை மோந்தாள்.

பால். சந்தனம். குழந்தை முகம் புதைக்கிற இடத்தில் மட்டும்.

ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டாள். அதைக் கைக்குள் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள். கடைச்சாமான் எதையோ உடைத்துவிட்டவள் போல முகம் வெளுத்திருந்தது. குப்பியில் இன்னும் எவ்வளவு இருக்கும் என்று யோசித்தாள். அடியில் கொஞ்சம். அது தீர்ந்த ராத்திரி, இந்தத் தோள் வெறும் தோள்.

ஸ்வெட்டரை மறுபடி போட்டுக்கொண்டு, பின்வரிசைக்குக் கை நீட்டினாள்.

யாருக்கு என்று புதுப்பெண் கேட்டாள்.

"எங்க அக்காவுக்கு," என்றாள். பெரிய குப்பி வரை போன விரல்கள் அங்கேயே நின்றன. இது இன்னும் எத்தனை ராத்திரிக்கு வேண்டியிருக்கும்? "இருக்கறதுலயே சின்னதா ஒண்ணு பில் போடு."