தம்பிக்கு இளநீர்

“எந்தம்பிக்கு ரெண்டு எளநி கொண்டாந்தேன். ஒரு வாய் குடிக்க வுட மாட்டேங்கிறியே, நீயெல்லாம் பொண்டாட்டியா?” என்று கத்தினாள் நாத்தனார் தீர்த்தம்மாள்.

“அவருக்கு வேணாங்க அண்ணி,” என்றாள் சுகுணா.

அவள் கடைக்குப் போனதும் தீர்த்தம்மாள் இரண்டையும் சீவிக் கொடுத்தாள். தாகத்தில் தம்பி மாதவராஜ் மடமடவென்று குடித்தார்.

மாலை ஆஸ்பத்திரியில் டாக்டர் சுகுணாவைத் தனியே அழைத்தார். “டயாலிசிஸ் பேஷண்டுக்கு இளநீர் குடுத்தீங்களாம்மா? மெஷின் சவ்வு வழியா நாங்க வடிச்சு எடுக்கிற பொட்டாசியம்தான் அதுல நெறைய. ஹார்ட் நின்னுடுச்சு.”

சாவு வீட்டில் தீர்த்தம்மாள் மாரடித்து அழுதாள். “கட்டினவ குடுக்கல. எந்தம்பி நெஞ்சு குளிர நாந்தான் குடுத்தேன்!”

சுகுணா வாய் திறக்கவில்லை. தீர்த்தம்மாள் மகனுக்குத்தான் சுகுணாவின் மகளைப் பேசி முடித்திருந்தது. கிட்னி நோய் தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று மறைக்கச் சொன்னவரே மாதவராஜ்தான்.