காலண்டருக்குப் பின்னால்

ஒரு வீட்டுக் கூடத்தில், காலண்டருக்குப் பின்னால் ஒரு பல்லி ஒளிந்திருந்தது. பூனை எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று பார்த்து எலிகளுக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அது இருக்கும் இடம் எலி வளையில் மூன்றே பேருக்குத் தெரியும்: தலைவர், துணைத்தலைவர், பல்லியிடமிருந்து செய்தி வாங்கிவரும் தூதுக்காரி.

ஒருநாள் காலை, காலண்டருக்குக் கீழே பல்லியின் தலை மட்டும் கிடந்தது.

விசாரணை யாரிடம் போகும்? துணைத்தலைவரிடம்தான் போனது. அவர் வாசலில் நான்கு காவலர்களை நிறுத்தினார். வெளியிலிருந்து வந்த குஞ்சு குளுவான்களைக்கூட அவர்கள் மோந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள்.

தூதுக்காரி தலைவரைத் தனியாகப் போய்ப் பார்த்தாள்.

"ஐயா, வாசல்ல எதைத் தேடுறாங்க? விஷயம் நம்ம மூணு பேருக்குத்தானே தெரியும்? துணைத்தலைவர் மீசையில, பூனைக்கு வைக்கிற பால் மணக்குது."

"அவரை அந்தப் பதவியில உட்கார வெச்சதே நான்தாம்மா," என்றார் தலைவர். "வெளியே தெரிஞ்சா என் பேரு என்ன ஆகும்?"

மறுநாள் அறிக்கை வந்தது. காட்டிக்கொடுத்தவள் தூதுக்காரி என்று எழுதியிருந்தது. அதை நீட்டிய துணைத்தலைவரின் மீசை தலைவரின் மூக்கருகே வந்தது. பால்தான். தலைவர் கையெழுத்துப் போட்டார்.

பட்டப்பகலில் தூதுக்காரியைக் கூடத்தில் தள்ளி, வளையை அடைத்தார்கள். அவள் குரல் ஒரே ஒரு தடவைதான் கேட்டது.

துணைத்தலைவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"புதுப் பல்லியை எங்கே வெச்சிருக்கோம், ஐயா?"



"சமையலறைப் பரண்ல," என்றார் தலைவர். "பித்தளை அண்டாவுக்குப் பின்னால."