மோட்டார் சத்தம்

பிளம்பரின் மகள் கையிலிருந்த டம்ளர் உருண்டது. கண்கள் மேலே செருகின. நாற்காலியிலிருந்து சரியத் தொடங்கினாள்.

அவன் எழுந்தான்.

“போங்க, போய் மோட்டாரப் போடுங்க. தொட்டி காஞ்சு போயிருக்கும்” என்றாள் மனைவி, மகளைத் தாங்கிப் பிடித்தபடி.

குத்தல்தான். வலிப்பு வரும்போதெல்லாம் அவன் பின்பக்கம் போய் மோட்டாரைப் போட்டுவிடுவான். அந்த இரைச்சலில் வீட்டுக்குள் நடப்பது எதுவும் கேட்காது. தெருவிலேயே தொட்டி குறையாத வீடு அவர்களுடையதுதான்.

டாக்டர் அறைக்குள் அவன் போனதில்லை. மருந்துக்கடை வாசலில் நிற்பான். டாக்டர் சொன்னதை மனைவி சொல்ல வாயெடுத்தால், யாரோ வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்று கிளம்பிவிடுவான்.

அடுத்தவர் வீட்டில் குழாய் வெடித்தால் எல்லோரும் வெளியே ஓடி வருவார்கள். அவன் உள்ளே ஓடுவான். எங்கே அடைக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும்.

இதில் கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

நேற்று, மகளைக் காட்டும் அதே ஆஸ்பத்திரியில் வாஷ்பேசின் அடைப்பு. வேலை முடிந்ததும், மகளைத் தெரிந்த நர்ஸ் அவனை விடவில்லை. ஒரு தலையணையை எடுத்து, பிள்ளையைப் போலக் கட்டிலில் போட்டாள்.

“வலிப்புக்கு வால்வு கிடையாதுண்ணே. தானா நிக்கும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, எச்சில் வெளிய வழியணும். வாய்க்குள்ள எதையும் வைக்காதீங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க.”

“தண்ணி ஓட வாட்டம் குடுக்கற மாதிரி. அவ்வளவுதானே?”

தலையணையைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

“விடு, நான் பாத்துக்கறேன்” என்றான் இப்போது மனைவியிடம்.

மகளை வாங்கித் தரையில் ஒருக்களித்துக் கிடத்தினான். துண்டை மடித்துத் தலைக்கடியில் கொடுத்தான். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினான். கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். முதல் தடவையாக, கடைசிவரை.

எச்சில் கடைவாயில் வழிந்து துண்டில் இறங்கியது. உதறல் குறைந்தது. நின்றது. மூச்சு சீரானது.

“நின்னுடுச்சு, பாத்தியா?” என்று நிமிர்ந்தான்.

மனைவி அங்கே இல்லை.

பின்பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அவனே நிரப்பிய தொட்டி. தண்ணீர் வழிந்து தரையில் விழும் சத்தம் கேட்டது.

ஓடட்டும் என்று விட்டான்.