தம்பிக்காகச் சொன்ன பதில்கள்

உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"சும்மா இரேன்க்கா. சீக்கு உனக்கா எனக்கா?" என்றான் தம்பி செல்லப்பாண்டி. சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

பெருங்குடலில் புற்றுநோய்.

டாக்டரம்மா இப்போதுதான் அதைச் சொல்லி முடித்திருந்தார்.

"என்ன சாப்பிடுவீங்க?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பெண் டாக்டர் முன்னால் அவனுக்குப் பேச்சு வராது. எங்கே போனாலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில், போலீஸ் ஸ்டேஷனில், பெண் பார்க்கப் போன வீட்டில், அவனுக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

"பரோட்டாக் கடைங்க எங்களது. மிஞ்சுறதுதான் எங்க ரெண்டு பேருக்கும். பரோட்டா, சால்னா, கல்லுல கருக வறுத்த சுக்கா."

"காய், கீரை?"

"அதை ஆய உக்காந்தா கடையை யாரு பாக்குறது?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"சாப்பாடு மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கும் பங்கு இருக்கு. குடலோட உள்பக்கம் வருஷக்கணக்கா செவந்து, வீங்கிக் கெடந்திருக்கு. ஆற விடவே இல்ல நீங்க."

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். பிரித்தாள். சுற்றினாள்.

"ரத்தம் எப்போலேர்ந்து போகுது?"

"ரெண்டு வருசமாங்க. மூலம்னு நெனச்சாச்சு. சூடுன்னு மோரைக் குடிச்சாச்சு. கருணைக்கிழங்கு தின்னாச்சு."

தம்பி நிமிர்ந்தான்.

அவள் கவனிக்கவில்லை. அவிழ்த்துக் கொட்டியதுபோல் வந்துகொண்டே இருந்தது.

"பளிச்சுன்னு செவப்பா இருக்காதுங்க. கருஞ்செவப்பு. போயிட்டு வந்தாலும் திரும்பப் போகணும்போலவே இருக்கும். ஒரு எடத்துல உக்கார விடாது. விடியக்காலையில எடது பக்கம் அடிவயித்தைப் புடிச்சு இழுக்கும் பாருங்க, உசுரே போயிரும். யார்கிட்டன்னு போய்ச் சொல்ல? வெக்கக்கேடு."

"அக்கா."

"இருடா, சொல்லிக்கிட்டு இருக்கேன்ல?"

"அக்கா, எனக்கு ரத்தம் போனதே ரெண்டு மாசமாத்தான். வலி ஒரு நாளும் வந்ததில்ல."

தலைப்பு விரலில் பாதி சுற்றியபடி நின்றது.

சட்டென்று எழுந்தாள்.

"மாவு பெசையணும். நேரமாச்சு. நீ பேசிட்டு வா."

தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். உதறினாள். அவன் விடவில்லை.

டாக்டரம்மா தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.