தலையில் தங்கம், உள்ளே நார்த்தங்காய்

ஓர் ஊறுகாய்க் கடையின் இணையதளத்தில் இரண்டு பக்கங்கள் அடுத்தடுத்து இருந்தன. மாவடுப் பக்கம், இணையத்தில் தேடுவோர் கண்ணில் படுவதற்கான தன் குறிச்சொற்களாக ‘மாவடு, ஊறுகாய்’ என்று மட்டும் போட்டிருந்தது.

“இவ்வளவுதானாக்கா? இதைப் பார்த்து யார் வருவா?” என்று கேலி செய்தது நார்த்தங்காய்ப் பக்கம். அது நார்த்தங்காயோடு தங்கம், கிரிக்கெட், அரசு வேலை, மணமகள் என்று அள்ளிப் போட்டிருந்தது.

தேடுபொறி வந்தது. மாவடுவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, நார்த்தங்காயிடம் கேட்டது.

“தங்கம் எங்கே?”

“இல்லீங்க.”

“அரசு வேலை?”

“இல்லீங்க.”

“மணமகளாவது?”

“அதுவும் இல்லீங்க. ஆனா நார்த்தங்காய் இருக்குங்க! சத்தியமா, உள்ளே வந்து பாருங்க!”

“இதை மட்டும் நம்பணுமாக்கும்!” என்று சொல்லிவிட்டுத் தேடுபொறி அடுத்த கடைக்குப் போய்விட்டது.

உள்ளே அருமையான நார்த்தங்காய் ஊறிக்கொண்டே இருந்தது.