நின்று தெரியும் சக்கரம்

ஷட்டரைப் பாதி இறக்கிய ஒர்க்‌ஷாப்பின் அரையிருட்டில், பானெட்டைத் திறந்துபோட்ட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டிருக்கிறது. எஞ்சினின் தீப்பொறி நேரத்துக்கு முந்திவிடாமலிருக்க வேக்கம் குழாயைக் கழற்றி, அதன் வாயைச் சின்ன ஸ்க்ரூவால் அடைத்திருக்கிறாள் மெக்கானிக். அவளுடைய இடது கை, பொறியின் நேரத்தை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்புகிறது. வலது கையில் டைமிங் லைட். ஒவ்வொரு பொறிக்கும் அதிலிருந்து ஒரு மின்னல். அந்த வெளிச்சத்தில், எஞ்சினின் முன்புறம் பேய் வேகத்தில் சுற்றும் சக்கரம் அசையாமல் நிற்கிறது. அதிலுள்ள வெள்ளைக் கோடு மட்டும் நடுங்குகிறது. பக்கத்திலிருக்கும் ஃபேன்கூடச் சோம்பல் முறிப்பதுபோல் மெல்ல நகர்கிறது. "பாருங்க மாப்ளே, எப்படி நிக்குது!" என்று சற்றுமுன் பெருமையடித்தவள் அவள்தான். காருக்குச் சொந்தக்காரரான தங்கை புருஷன் வாய்பிளந்து குனிந்திருக்கிறார். கோடு, நிற்கவேண்டிய பத்து டிகிரிக் குறியை நெருங்குகிறது. "கோடு அழுக்கா இருக்குக்கா, தொடச்சு விடறேன்" என்று துணியோடு அவர் கை உள்ளே நீள்கிறது. அவள் கத்துகிறாள். எஞ்சின் இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை. ஃபேனுக்கும் கைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. லைட்டின் விசையைச் சட்டென்று விடுகிறாள். மின்னல் அணைந்ததும் நின்றிருந்ததெல்லாம் சாம்பல் நிறச் சுழலாகிறது. அவர் கையை உதறி இழுக்க, துணியை மட்டும் பிடுங்கிக் கிழித்தெறிகிறது ஃபேன். அவள் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்புகிறாள். அமைதியில் அவர் ஐந்து விரல்களையும் மடக்கி விரித்துப் பார்க்கிறார்.

"நீங்கதானேக்கா சொன்னீங்க, நிக்குதுன்னு?"