சேதுராமனின் சட்டை

செத்துப்போனவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பளை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான் ஜமால்தீன். குவைத்திலிருந்து அவன் கொண்டுவந்த சொத்து அது ஒன்றுதான்.

"மகன், கொஞ்சம் தள்ளி இரிங்க" என்றபடி பக்கத்தில் உட்கார்ந்தார் தொப்பி போட்ட ஒரு பெரியவர். முன்பின் தெரியாத பையனையும் மகன் என்று கூப்பிடுகிற ஊர். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! ஜமாலுக்குக் கண் கலங்கியது.

பேராதனையில் கலஹா பஸ் நின்றிருந்தது. நியாயமாக அதில்தான் ஏறியிருக்க வேண்டும். கலஹாவில்தான் சேதுராமனின் மனைவி பரிமளம் இருக்கிறாள். ஆனால் ஜமால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

குவைத்தில் அன்று விடியற்காலை ஜமால் காய்ச்சலில் கிடந்தான். அவனுக்குப் பதிலாக, ரொட்டி கொண்டுபோகும் பாண் வேனை ஓட்ட அறைத்தோழன் சேதுராமன் கிளம்பினான். கம்பெனி உடுப்பு இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள் என்று ஜமாலின் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, தன் கட்டம் போட்ட சட்டையைக் கட்டிலில் எறிந்தான். தூரத்தில் ஏதோ வெடித்தது. இரவோடு இரவாக ஈராக் பட்டாளம் உள்ளே வந்துவிட்டது என்று மாடிப்படியில் யாரோ கத்தினார்கள்.

"போவாத சேது!"

"நம்மள என்னா செய்யப் போறானுங்க? நம்மதான் எந்தப் பக்கமும் சேராத நாடாச்சே!"

சிரித்துக்கொண்டேதான் போனான். எந்த நாட்டுக்காரன் என்று கேட்டுவிட்டா சுடுகிறார்கள்? தெருமுனையிலேயே வேன் சல்லடையாகிவிட்டது. பட்டாளத்துக்காரர்கள் உடலை லொறியில் தூக்கிப் போட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தான் ஜமால். கீழே இறங்கப் பயம். அன்றைக்கே அங்கிருந்து தப்பி ஓடினான்.

பிறகு தபாலும் இல்லை, டெலிபோனும் இல்லை. பாலைவனம், ஜோர்தான் எல்லையில் கூடாரம். கண்ணை மூடினால் சேது வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிற்பான். பரிமளம் கேட்கப்போகிற கேள்வியும் கூடவே வரும். 'அவர எங்கண்ணே அடக்குனாங்க, பாத்தீங்களா?' லொறி எந்தப் பக்கம் போனது என்பதுகூட அவனுக்குத் தெரியாது. நாளைக்குப் போய்க்கொள்ளலாம், முதலில் வீட்டுக்குப் போய் மனைவி முகத்தைப் பார்க்க வேண்டும், வாப்பாவின் மடியில் தலை வைத்து அழுது தீர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

கெலிஓயாவில் இறங்கி வீட்டு வாசலுக்குப் போய்க் கனைத்தான். கதவில் வெள்ளைத் திரை தொங்கியது. பின்னாலிருந்து பழக்கமில்லாத ஒரு பெண்குரல் வந்தது.

"ஆம்புளயள் உள்ளுக்கு வர ஏலா. இது இத்தா ஊடு."

இத்தா! கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் உள்ளே இருக்கிற காலம். நெஞ்சு வலியோடு வந்து வழியனுப்பிய வாப்பாவின் முகம் கண்முன் வந்தது. உள்ளே உம்மா வெள்ளை உடுத்திக்கொண்டு இருப்பாள். தன் பேரைக்கூடச் சொல்லாமல் ஜமால் படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான்.

பின்னால் கைத்தடிச் சத்தம். ஒரு கை அவன் தலையைத் தொட்டது.

"அழாதீங்க மகன்."

வாப்பா! உயிரோடு! சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். கண்களில் வெள்ளை படர்ந்து, அவர் பார்வை அவனைத் தாண்டி எங்கேயோ நின்றது.

"குவைத்துல இருந்து வாற புள்ளையள் எல்லாம் இப்புடித்தான் வாசல்ல இருந்து அழுதுட்டுப் போறாங்க. மருமகள் உள்ளுக்கு இத்தா இரிக்கிறா" என்றார். "சட்டைப் பைக்குள்ள பேர் போட்ட கம்பெனி அட்டை இருந்ததாம். அதாலதான் எங்கட ஜமால்னு தெரிஞ்சிச்சாம்."

அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எங்க அடக்கினாங்கண்டு நீங்க கண்டீங்களா, மகன்?"